வேடியப்பன் கல்லும் டீச்சரும்

எல்லோருக்கும் வணக்கம். டீச்சர் படத்துக்கு மாலை போட்டாயிற்று. அவர் இருந்திருந்தால், “பூ வாங்கின காசுக்கு ரெண்டு பிரஷ் வாங்கியிருக்கலாமேடா” என்றிருப்பார்.

நம் பாரம்பரியச் சங்கத்துக்குத் தருமபுரியில் கிளை தொடங்கியவர் அவர். அது அழைப்பிதழிலேயே இருக்கிறது. ஏன் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

முப்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவர். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 232ஆவது புறநானூற்றுப் பாட்டை எனக்கும் அவர்தான் நடத்தினார். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், தன் நினைவாக நட்ட நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் ஊற்றுகிற கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிற பாட்டு. ஆனால் அதுவரை டீச்சர் ஒரு நடுகல்லைக்கூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றபின் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போன ஊரில், வேடியப்பன் என்று ஊரே கும்பிடுகிற கல்லுக்கு முன்னால் கோழியும் ஒரு குவார்ட்டரும் படைத்திருந்தார்கள். கிட்டப் போனால் கையில் வில், வாள். உடம்பில் தைத்த அம்பு. மேலே மஞ்சளுக்கு அடியில் எழுத்து. அன்று ராத்திரி எனக்கு போன்: “டேய், இதைத்தாண்டா இத்தனை வருஷம் போர்டுல எழுதிப் போட்டேன்!”

அப்புறம் கிளை. முதலில் நான்கே பேர், அதில் ஒருவர் ஆடு மேய்ப்பவர். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டதே, அந்தப் பக்கத்துக் கற்கள் நம் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். “அதியமான் காலத்துல கலெக்டர் ஆபீஸ் எங்கய்யா இருந்துச்சு?” என்றார் டீச்சர். அதோடு சரி.

ஒருநாள் கல்லைக் கழுவிக் காயவிட்டு, மைதா மாவைத் தடவி மேலாகத் துடைத்தார். பள்ளத்தில் நின்ற மாவில் பழங்காலத் தமிழ் வட்டெழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. “தொ... று... தொறு மீட்டுப் பட்டான்.”

“தொறுன்னா என்னம்மா?”

“மாட்டு மந்தை. ஓட்டிட்டுப் போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவரு.”

“அப்ப இவரு நம்ம ஆளு” என்று ஆடு மேய்ப்பவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கற்களையெல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். “அங்க வச்சா யாருடா பொங்கல் வைப்பா?” என்பார். யாரும் கும்பிடாமல் துணி துவைக்கப் போட்டிருக்கிற கல்லை மட்டும் கொடுக்கச் சம்மதித்தார். அவர் சொன்னதில் பாதிதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். வெயிலும் எண்ணெயும் எழுத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன.

அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த முதல் கல்லைப் பற்றி ஒரு வரி: “பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று ஊரில் சொல்ல வேண்டும்.”

போன வாரம் போய்ப் பார்த்தேன். அடித்துவிட்டார்கள். நல்ல நீலம், மீசைக்குக் கறுப்பு. எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் கல்லாகவே விட்டிருக்கிறார்கள்.