யார் காசு கொடுக்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். ஊடகமும் மக்களாட்சியும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். இந்தத் தலைப்பு என்றாலே 'நான்காவது தூண்' என்று ஆரம்பிப்பது வழக்கம். ஒரு நாட்டில் அந்தத் தூணுக்கு என்ன விலை போட்டார்கள் என்பதிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கே விலைப்பட்டியலே கிடைத்திருக்கிறது. ரசீதோடு, வீடியோவோடு.

நாடு பெரு. 1990 முதல் 2000 வரை ஆல்பர்ட்டோ ஃபுஜிமோரி அங்கே அதிபர். 1992-இல் ராணுவத்தை வைத்து நாடாளுமன்றத்தைக் கலைத்தவர், அப்புறம் புது அரசியல் சட்டம், புது நாடாளுமன்றம், தேர்தல் என்று எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய குறை தெரியாது. எதிர்க்கட்சி உண்டு, நீதிமன்றம் உண்டு, அரசைக் கிழித்து எழுதும் பத்திரிகைகூட உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் ஆட்டிவைத்தவர் விளாடிமிரோ மோன்டெசினோஸ். உளவுத்துறை அவர் கையில். அந்த அலுவலகத்தில் சோபா போட்ட ஒரு சின்ன அறை, அதில் மறைவாக ஒரு கேமரா. நீதிபதி வருவார், எம்.பி. வருவார், டி.வி. முதலாளி வருவார், பேசுவார்கள், மேஜைமேல் பணக்கட்டு வரும், எண்ணி எடுத்துக்கொண்டு போவார்கள். அத்தனையும் பதிவாகும். பணம் வாங்கியவர் பின்னால் வாலாட்டினால் காட்டுவதற்கு ஒரு பிடி வேண்டாமா?

அவர் விழுந்த பிறகு அந்த வீடியோக்களையும் ஒப்பந்தக் காகிதங்களையும் வைத்து இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2004-இல் வெளிவந்த அந்தக் கணக்குப்படி, எம்.பி.க்கும் நீதிபதிக்கும் கொடுத்தது பெரும்பாலும் மாதம் சில ஆயிரம் டாலர், மிஞ்சினால் இருபதாயிரம். 'அமெரிக்கா டெலிவிசியோன்' என்ற சேனலுக்கு மட்டும் மாதம் 15 லட்சம் டாலர். சராசரியாகப் பார்த்தால் ஒரு அரசியல்வாதியின் விலையைப் போல நூறு மடங்கு ஒரு சேனல் முதலாளியின் விலை.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிடைத்தால் போதும். ஒரு எம்.பி. அதிகம் கேட்டால், 'நீங்க போங்க சார்' என்று சொல்லிவிட்டு இன்னொருவரைப் பிடிக்கலாம். நீதிபதியும் அப்படித்தான், வழக்கை வேறு அமர்வுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது. சேனலில் இந்தப் பெரும்பான்மைக் கணக்கு உதவாது. ஐந்தை வாங்கி ஆறாவதை விட்டுவிட்டால், அந்த ஆறாவது ஒன்று சொன்னாலே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே எல்லாரையும் வாங்கியாக வேண்டும், அது ஒவ்வொரு முதலாளிக்கும் நன்றாகத் தெரியும், அதனால் ஒவ்வொருவரும் வாய்க்கு வந்த தொகையைக் கேட்கலாம். நம் ஊரில் ஓட்டுக்கு இவ்வளவு என்று கவரில் வைத்து வீடுவீடாகக் கொடுப்பது சில்லறை வியாபாரம் என்றால், மோன்டெசினோஸ் செய்தது மொத்த வியாபாரம்.

விலைக்கு வராதவரையும் சமாளித்தார்கள். 'ஃப்ரெக்குவென்சியா லத்தினா' என்ற சேனலை நடத்தியவர் பாரூக் இவ்செர், இஸ்ரேலில் பிறந்து பெருவின் குடியுரிமை வாங்கியவர், மெத்தை உற்பத்தித் தொழிலதிபர். அவர் சேனல் 1997-இல் உளவுத்துறையின் சித்திரவதை பற்றியும் மோன்டெசினோஸின் வருமானம் பற்றியும் செய்தி போட்டது. அந்த ஜூலையிலேயே அவர் குடியுரிமையை ரத்து செய்தார்கள். அந்நாட்டுச் சட்டப்படி டி.வி. நிலையத்தின் உரிமையாளர் பெரு குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேனல் கைவிட்டுப் போகும், போயிற்று, சிறு பங்கு வைத்திருந்தவர்கள் கைக்கு வந்தது, அவர்கள் மோன்டெசினோஸோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். தணிக்கை என்று ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. காகிதத்தில் எல்லாம் சட்டப்படி.

சரி, மோன்டெசினோஸ் எப்படி விழுந்தார்? 2000 செப்டம்பர் 14. எதிர்க்கட்சி எம்.பி. ஆல்பர்ட்டோ கௌரி ஆளும் பக்கம் தாவுவதற்கு 15,000 டாலர் வாங்கும் வீடியோ வெளியே கசிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் செய்தியாளர்களைக் கூட்டி அதைப் போட்டுக் காட்டினார்கள். 'கனால் என்' என்ற ஒரு சின்ன கேபிள் செய்தி சேனல் அதை ஒளிபரப்பியது. ஆரம்பித்து ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது, பார்த்தவை சில பத்தாயிரம் வீடுகள். இவ்வளவு சின்ன சேனல் என்ன செய்துவிடும் என்று மோன்டெசினோஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சேனல் பார்ப்பவர்கள் மாதாமாதம் கட்டும் சந்தாவில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று மிரட்டி அதை வழிக்குக் கொண்டுவருவது கஷ்டம். வீடியோ ஒருமுறை வெளியே வந்த பிறகு மற்ற சேனல்கள் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டே நாளில் ஃபுஜிமோரி மறுதேர்தல் அறிவித்தார், அதில் தான் நிற்கவில்லை என்றார். நவம்பரில் ஜப்பான் போனவர் அங்கிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.

கதையை இங்கேயே நிறுத்தினால் கனால் என் கதாநாயகன். ஆனால் 2021 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் நின்றவர்களில் ஒருவர் ஃபுஜிமோரியின் மகள் கெய்கோ. அப்போது கனால் என்-உம் அமெரிக்கா டெலிவிசியோனும் ஒரே கூரைக்குக் கீழே. இரண்டும் கெய்கோ பக்கம் சாய்கின்றன என்று அங்கே வேலை பார்த்த செய்தியாளர்களே புகார் சொன்னார்கள். இரண்டுக்கும் செய்திப் பொறுப்பாளராக இருந்த கிளாரா எல்விரா ஓஸ்பினா ஏப்ரலில் நீக்கப்பட்டார், இன்னும் சிலர் தாங்களாகவே வெளியேறினார்கள். கெய்கோ நூலிழையில் தோற்றார் என்பது வேறு விஷயம். இந்தச் சேனல் நல்ல சேனல், அந்தச் சேனல் கெட்ட சேனல் என்று நாம் ஒரு தடவை முத்திரை குத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோமே, அந்த முத்திரை இருபது வருடம் தாங்காது.

இன்னொன்று, சிரிப்பு வரும். மாதம் 15 லட்சம் டாலர் வாங்கிய சேனலின் முதலாளி ஹோசே என்ரிகே குரூஸில்லாத் சிறைக்குப் போனார். 2009 கடைசியில் உடல்நிலை மோசம் என்று அதிபர் மன்னிப்புக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவர் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் ஜாலியாகச் சுற்றுகிறார் என்று செய்தி வந்தது. மன்னிப்பு ரத்து, நீதி அமைச்சர் பதவியும் காலி.

நம் ஊரில் எந்தச் சேனல் எந்தக் கட்சி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைப் பலர் கேவலமாகச் சொல்கிறார்கள், நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. கட்சிக் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் நாம் செய்தி கேட்கிறோம், இதைக் கொஞ்சம் தள்ளு, அதைக் கொஞ்சம் கூட்டு என்று மனசுக்குள்ளேயே கழித்துக்கொள்கிறோம். கொடியே தெரியாமல், நடுநிலை என்ற சட்டையோடு வருகிற சேனல்தான் பெருவில் பார்ப்பவர்களை ஏமாற்றியது.

ஹங்கேரிக்கு வருவோம். அங்கே ரகசிய அறை, கேமரா எதுவும் தேவைப்படவில்லை. விக்டர் ஓர்பான் 2010-இல் பிரதமராக ஆட்சிக்குத் திரும்பியதும் வேலை மெதுவாக, கணக்குப்பிள்ளை வேகத்தில் நடந்தது. அரசு விளம்பரம் வேண்டியவர்களுக்குப் போகும், வேண்டாதவர்களுக்குப் போகாது. அரசுக்குப் பயந்து தனியார் கம்பெனிகளும் ஒதுங்கும். பத்திரிகை நஷ்டத்தில் விழும். அப்போது ஒரு நண்பர் வந்து வாங்குவார். 2016 அக்டோபர் 8, ஒரு சனிக்கிழமை, 'நெப்சபாட்சாக்' என்ற பெரிய எதிர்ப்பு நாளிதழ் திடீரென்று நிறுத்தப்பட்டது. காரணம் கேட்டால் நஷ்டம். அதே மாதத்தில் அந்தப் பதிப்பகக் குழுமம் கைமாறியது. வாங்கிய கம்பெனி லோரின்ஸ் மெசாரோஸுக்கு நெருக்கமானது. யார் இந்த மெசாரோஸ் என்றால், ஓர்பான் வளர்ந்த கிராமத்துக்கு அப்போது மேயர், அதற்கு முன்னால் காஸ் குழாய் மாட்டும் வேலை செய்தவர், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக ஆகிவிட்டார்.

2018 நவம்பரில் நடந்ததுதான் உச்சம். அரசுக்கு வேண்டிய முதலாளிகள் ஒரே சமயத்தில் தங்கள் பத்திரிகை, ரேடியோ, டி.வி., இணையதளம் என 400-க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரு அறக்கட்டளைக்கு இலவசமாக எழுதிக் கொடுத்தார்கள். இனாமாக! பத்து பைசா வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இது ஏகபோகம் ஆகாதா என்று போட்டி ஆணையம் விசாரிக்க வேண்டுமே? அரசு இதை 'தேச முக்கியத்துவம் வாய்ந்தது' என்று அறிவித்தது, விசாரணை கிடையாது.

ரேடியோவில் பேசுவதால் க்ளுப்ராதியோவை விட முடியாது. புடாபெஸ்டின் பேச்சு வானொலி, அரசை விமர்சிக்கும், நேயர்கள் அனுப்பும் நன்கொடையில் நடக்கும். அலைவரிசை உரிமம் முடியும் நேரத்தில் புதுப்பிக்க மறுத்தார்கள். ஒலிபரப்பில் ஹங்கேரிய இசை எத்தனை சதவீதம் என்பது போன்ற மாத அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்துவிட்டார்களாம். அரசைத் திட்டியதற்காக மூடினோம் என்று எவரும் சொல்லவில்லை, படிவம் லேட், அவ்வளவுதான். நம் தாலுகா ஆபீஸில் அலைந்தவர்களுக்கு இந்த ஆயுதத்தின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 14 நள்ளிரவோடு 92.9-இல் அவர்கள் குரல் நின்றது, இணையத்துக்குப் போனார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டை இருந்தது. 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி '444' என்ற செய்தித்தளம் ஒன்றை வெளியிட்டது: குழந்தைகள் இல்லத்தில் நடந்த பாலியல் கொடுமையை மறைக்க உதவிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு அதிபர் கடாலின் நோவாக் பொதுமன்னிப்பு கொடுத்திருக்கிறார். எட்டு நாளில் அதிபர் ராஜினாமா. மறுநாள் பீட்டர் மாகியார், அதுவரை ஆளும் வட்டத்தில் இருந்தவர், ஒரு யூட்யூப் சேனலில் உட்கார்ந்து உள்ளே நடப்பதைப் பேசினார். ஒரு கோடிக்கும் குறைவான மக்கள் உள்ள நாட்டில் அந்தப் பேட்டியைப் பல லட்சம் தடவை பார்த்தார்கள். அந்த ஜூனில் ஐரோப்பியத் தேர்தலில் அவர் கட்சி 30 சதவீதத்தை நெருங்கிவிட்டது. அந்தச் செய்தித்தளமும் அந்த யூட்யூப் சேனலும் பெருமளவு வாசகர், பார்வையாளர் பணத்தில் நடப்பவை. பெருவில் சந்தா, இங்கே நன்கொடை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி சுவிட்சர்லாந்தில். அங்கே ஒவ்வொரு வீடும் பொது வானொலி, தொலைக்காட்சிக்காகக் கட்டணம் கட்ட வேண்டும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். அப்போது வருடத்துக்கு 451 ஃபிராங்க், சின்னத் தொகை இல்லை. இதை ஒழித்துவிடலாமா என்று 2018 மார்ச் 4-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். காசு மிச்சம், ஒழிக்கட்டும் என்று ஜனங்கள் குத்துவார்கள் என்றுதானே நினைப்போம்? 71.6 சதவீதம் பேர் வேண்டாம், கட்டணம் இருக்கட்டும் என்றார்கள். 26 மாநிலங்களிலும் அதே முடிவு. மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூடத் தேறாத ரொமான்ஷ் மொழிக்காரர்களுக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் வானொலி நடக்கிறது, சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தால் அவர்கள் மொழியில் செய்தி கேட்டிருக்க முடியாது.

நாமும் ஒரு காலத்தில் கட்டியவர்கள்தான். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் புத்தகம் வேண்டும், வருடா வருடம் தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். ஆனால் நம் பணத்தில் ஓடிய வானொலியின் சாவி அமைச்சகத்தின் இடுப்பில். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கும் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள், மறுநாள் காலை பல பேப்பர்கள் வரவில்லை, அவசரநிலை வந்த சேதியைப் பிரதமர் வானொலியில் சொன்னார். காசு கொடுப்பவருக்கு ஆளை நியமிக்கும் உரிமை இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு ஒரு பேச்சும் கிடையாது. அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி 1997-இல் நடைமுறைக்கு வந்தது, தன்னாட்சி என்று பெயர், பெரும்பகுதிப் பணம் இன்றும் மத்திய அரசிடமிருந்து.

தனியார் எஃப்.எம்.மில் நாள் முழுக்கப் பாட்டு கேட்கிறீர்களே, என்றைக்காவது உங்கள் நகராட்சியின் குடிநீர் டெண்டர் பற்றி ஒரு செய்தி கேட்டிருக்கிறீர்களா? சொந்தமாகச் செய்தி தயாரிக்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே வேண்டுமானால் போடலாம். டிராஃபிக், வானிலை, பரீட்சை முடிவு சொல்லலாம். டி.வி.க்கு இந்தத் தடை இல்லை, பேப்பருக்கு இல்லை, கையிலிருக்கும் போனுக்கு இல்லை. எங்கே என்ன புரளி வேண்டுமானாலும் ஃபார்வர்டு ஆகலாம், லைசென்ஸ் வாங்கி, முகவரியோடு உட்கார்ந்திருக்கும் வானொலி மட்டும் வாய் திறக்கக் கூடாது. இதற்கு எனக்கு இன்றுவரை உருப்படியான காரணம் அகப்படவில்லை. 2013-இல் ஒரு பொதுநல அமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், மணிக்குப் பத்து நிமிடம் செய்தி போட விடலாம் என்று பரிந்துரைத்தது.

நாளைக்கே விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். பத்து நிமிடச் செய்திக்கு, கவுன்சில் கூட்டத்தில் போய் உட்கார ஒரு ஆள் வேண்டும், தீர்மான நகலைப் படிக்கத் தெரிந்த ஆள், மிரட்டல் வந்தால் வக்கீல் வைக்க வழியுள்ள நிலையம். இன்று எஃப்.எம். ஓடுவது நகைக்கடை, ஜவுளிக்கடை, ரியல் எஸ்டேட் விளம்பரத்தில். ஏரியை மனைப் பிரித்த செய்தியை எந்த எஃப்.எம். போடும், அந்த மாதம் அந்த நிருபருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அனுமதி கேட்டுப் போராடும் நண்பர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர்களிடமும் இன்னும் பதில் இல்லை. எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.