மனுவை யாரிடம் கொடுப்பது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தொகுதிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி முறை நல்லதா, ஆளுக்கு அல்லாமல் கட்சிக்கு ஓட்டுப் போடும் பட்டியல் முறை நல்லதா என்பது இன்றைய கேள்வி. நான் தொகுதி முறைக்காகப் பேச வந்திருக்கிறேன். பட்டியல் முறைக்காகப் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "தொகுதியில் தோற்றவருக்குப் போட்ட ஓட்டெல்லாம் குப்பை. எங்கள் முறையில் ஒரு ஓட்டுகூட வீணாகாது." நீங்களும் கைதட்டினீர்கள். சரி, துருக்கிக்கு வாருங்கள்.

ஆண்டு 2002. அங்கே பட்டியல் முறைதான். ஓட்டு கட்சிக்கு, ஓட்டின் அளவுக்கு இடங்கள், கட்சி எழுதிய பட்டியலில் மேலிருந்து ஆட்கள். ஆனால், நாடு முழுக்க 10 சதவீதம் வாங்காத கட்சிக்கு இடமே கிடையாது. நேர்வழிக் கட்சி என்று ஒன்று. வாங்கியது 9.5 சதவீதம். ஏறத்தாழ 30 லட்சம் பேர் நம்பிப் போட்ட ஓட்டு. கிடைத்த இடம் எத்தனை? 20? 10? ஒன்றாவது? ஒன்றுகூட இல்லை, நடுவர் அவர்களே! முதலில் வந்த கட்சிக்கோ 34 சதவீத ஓட்டுக்கு 550-இல் 363 இடம். நூற்றில் 45 பேர் போட்ட ஓட்டு யாரையும் உள்ளே அனுப்பவில்லை. வீணாகாதாம்!

"10 அதிகம், குறைத்தால் போச்சு" என்பார் நண்பர். துருக்கியே 2022-இல் 7 ஆகக் குறைத்தது. இஸ்ரேலில் 3.25தான். அதே 2022-இல் அங்கே மெரெட்ஸ் கட்சி 3.16 வாங்கி வெளியே நின்றது. வரம்பை எங்கே வைத்தாலும் அதன் ஓரத்தில் ஒரு கூட்டம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது.

நெதர்லாந்தில் பட்டியலுக்குள்ளேயே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், அது நல்லதுதான். இஸ்ரேலில் அதுவும் இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி, 120 உறுப்பினர்கள், வரிசை கட்சியின் கையில். அந்த வரிசையில் மேலே இருப்பவரை எந்த ஊர்க்காரர் தோற்கடிக்க முடியும்?

அவையோரே, கணக்கை விடுங்கள். காணாமல் போன மகனைத் தேடி ஒரு தாய் மனுவோடு அலைகிறாள். காவல் நிலையம் கைவிட்டது, அதிகாரி கைவிட்டார். 120 பேரில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்? எல்லோரும் எல்லோருக்கும் உறுப்பினர் என்றால் அவளுக்கென்று யார்? தொகுதி இருந்தால் ஒருவர் இருக்கிறார். "உனக்குத்தானே ஓட்டுப் போட்டேன், என் பிள்ளை எங்கே?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். போடாதவளும் கேட்கலாம்! அந்த உரிமையை அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பை அவள் பக்கம் சொல்லுங்கள்.