ஸ்கேனில் தெரியும் ஹார்மோன் தடங்கள்

வணக்கம் நேயர்களே. வயிற்றுக் குழந்தையின் உடலில் இன்சுலின் எவ்வளவு, தைராய்டு எவ்வளவு என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அவை விட்டுச்சென்ற தடம்தான் திரையில் தெரியும். அதே தடத்தை வேறொன்றும் விட்டிருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து சேரும் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கக் குழந்தையின் கணையமே இன்சுலினைச் சுரந்தாக வேண்டும். கருவில் இன்சுலின் வளர்ச்சியையும் தூண்டும். கல்லீரல் பருக்கும், தோலடியில் கொழுப்பு சேரும். மூளை அந்த அளவுக்கு அசைந்து கொடுப்பதில்லை. அதனால் தலைச் சுற்றளவு வாரத்துக்கேற்ப இருக்க, வயிற்றுச் சுற்றளவு மட்டும் முந்திக்கொண்டு ஓடும். இதயத்தின் நடுச்சுவர் தடிப்பதும் உண்டு; பிறந்த சில மாதங்களில் அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

ஆக, எல்லாம் அந்த ஒரு சுற்றளவில் நிற்கிறது. அதை அளப்பதில்தான் கைத்தவறு அதிகம். குறுக்குவெட்டுப் படம் வட்டமாக இருக்க வேண்டும். இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரிய வேண்டும். தொப்புள் சிரை கல்லீரலுக்குள் வளைகிற இடம் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரியக் கூடாது. தெரிந்தால் வெட்டு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அளவுக்கோடு தோலின் வெளிவிளிம்பில் ஓட வேண்டும். ஸ்கேன் கருவியைச் சற்று அழுத்தினாலே வட்டம் நசுங்கி முட்டையாகிவிடும். நல்ல கைகள் அளந்தாலும், இந்த அளவுகளை வைத்துக் கணக்கிடும் குழந்தையின் எடை 10 முதல் 15 சதவீதம் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. வளர்ச்சியை ஒப்பிட இரண்டு ஸ்கேனுக்கு நடுவே குறைந்தது 2 வாரம் வேண்டும். அடுத்த வாரமே மறுபடி எடுத்தால் பிழையைத்தான் அளப்போம்.

தைராய்டு இன்னும் தந்திரமானது. தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயுள்ள தாயிடமிருந்து சுரப்பியைத் தூண்டும் எதிர்ப்பொருளும் குழந்தைக்குப் போகும், அதை அடக்கத் தாய் சாப்பிடும் மாத்திரையும் போகும். எது ஓங்கினாலும் குழந்தையின் கழுத்தில் கழலை வீங்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சிகிச்சையோ நேரெதிர். பிரித்தறியத் துப்பு சில உண்டு. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 160க்கு மேலேயே நின்றால் ஹார்மோன் மிகுதி என்ற சந்தேகம் வரும். தொடை எலும்பின் முழங்கால் முனையில் சிறு வெள்ளைப் புள்ளி ஒன்று சுமார் 32 வாரத்தில் தோன்றும். வெகு முன்னதாகவே வந்தால் மிகுதி, பிந்தினால் குறைவு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் கழலையின் நடுவே ரத்த ஓட்டம் பளிச்சென்றால் அதுவும் மிகுதிப் பக்கமே சாயும். துப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், தொப்புள்கொடி ரத்தம் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

வெளியிலிருந்து நாமே கொடுக்கும் ஹார்மோனும் உண்டு. குறைமாதப் பிரசவம் வரும் என்று தோன்றினால், நுரையீரல் முதிரப் பீட்டாமெத்தசோன் ஊசி போடுவார்கள்: 12 மில்லிகிராம், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை. அதன்பின் இரண்டு மூன்று நாள் குழந்தையின் அசைவும் மூச்சசைவும் குறைந்து தெரியலாம். நான்காம் நாள் வாக்கில் திரும்பிவிடும். இது தெரியாதவர் ஸ்கேனைப் பார்த்தால் குழந்தை துவண்டுவிட்டது என்று பதறக்கூடும். ஆகவே ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அசைவு குறைந்ததற்கு ஊசிதான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டி வீட்டிலிருந்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள்.