பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். சொந்த ஊரின் பழைய வரலாற்றையும் குடும்பத்தின் வம்சாவளியையும் தேடிப் பார்க்கும் ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பெயர்களை எழுதுகிறார்கள். பாட்டன், பூட்டன் வரை சுலபமாகப் போகிறது. அதற்கு மேல் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் அல்லவா? ராமசாமி மகன் பழனியப்பன், அவர் மகன் மறுபடியும் ராமசாமி. அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருந்தால், ஒரே தெருவில் மூன்று ராமசாமிகள் இருப்பார்கள். இதில் யார் உங்கள் பாட்டனார் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் பெயரை விட்டுவிட்டு நிலத்தின் சர்வே எண்ணைப் பிடியுங்கள். குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒரு துண்டு நிலம் போதும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களை சர்வே எண் வாரியாக எழுதிய கணக்கைப் பாருங்கள். அதில் இன்றைய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய எண்ணும் இருக்கும். இதைக் குறித்துக்கொள்ளாமல் மேலே போகக் கூடாது. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அலுவலகப் பேச்சில் யூ.டி.ஆர். என்பார்கள், பல ஊர்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறிவிட்டன. புது எண்ணைக் கொடுத்துப் பழைய பத்திரத்தைத் தேடினால் ஒன்றும் வராது. பதிவே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவோம்.

இன்னொரு எச்சரிக்கை. பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதால் அந்த ஆள் அப்போது உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். இறந்து முப்பது வருடம் ஆனவர் பெயரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருக்கும் ஊர்கள் ஏராளம்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று, பெரும்பாலான இடங்களில் 1975 முதலான பதிவுகளுக்கு இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணைகளைத் தேடச் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் இன்று எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்த அலுவலகம் எதிலிருந்து பிரிந்தது என்று கேளுங்கள். பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கலாம். சான்றில் வரும் ஆவண எண்ணையும் ஆண்டையும் கொடுத்தால் நகல் கிடைக்கும்.

வம்சாவளிக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் போல ஒன்று இல்லை. தகப்பனார், அண்ணன் தம்பிகள், இறந்தவரின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாளில் வருவார்கள். “காலஞ்சென்ற இன்னார் குமாரர் மைனர் இன்னார், வயது 9, இவருக்குத் தாயும் கார்டியனுமான இன்னார்” என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியில் தகப்பன் அந்தத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது தெரிகிறது, பிள்ளை பிறந்த வருடம் ஏறக்குறையத் தெரிகிறது, தாயின் பெயரும் கிடைக்கிறது. குடும்பத்துக்குள்ளேயே பங்கு பிரித்து எழுதிக்கொண்ட, பதிவு செய்யாத கூர்ச்சீட்டாக இருந்தால் பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

பத்திரத்தின் கடைசியில் வரும் செக்குபந்தியைப் பலரும் படிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். கிழக்கில் யார் நிலம், மேற்கில் யார் நிலம் என்ற அந்த நான்கு எல்லைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் பங்காளிகள். அடுத்தடுத்த நிலங்களின் செக்குபந்திகளைச் சேர்த்து ஒரு படம் வரைந்தால், ஒரே பெரிய நிலம் எப்படித் துண்டானது என்பது புலப்படும். மறைந்துபோன சத்திரம், தூர்ந்த குளம், பழைய வண்டிப்பாதை எல்லாம் எல்லை வரியில் எட்டிப் பார்க்கும். ஊர் வரலாற்றுக்கு இதைவிட நம்பகமான சாட்சி குறைவு.

பெண்கள்தான் இந்தத் தாள்களில் காணாமல் போகிறவர்கள். 1989-இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு வந்தது. அதன் பிறகுதான் மகள்கள் பெயர் பாகப்பிரிவினையிலும், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்திலும் வழக்கமாக ஏறியது. அதற்கு முந்தைய காலத்துக்கு மொய் நோட்டு கைகொடுக்கும். எந்த ஊரிலிருந்து யார் எவ்வளவு வைத்தார் என்பதைப் பார்த்தால் எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள், எங்கே பெண் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

தேதிகளில்தான் பெரிய குழப்பம் வரும். வருவாய்க் கணக்குகளில் இருப்பது பசலி ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். “தாது வருஷத்துப் பஞ்சத்தில் இந்த ஊருக்கு வந்தோம்” என்று பாட்டி சொன்னால் அது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். பஞ்சம் என்ற சொல் இல்லாமல் தாது என்று மட்டும் இருந்தால் 1936-ஆகவும் இருக்கலாம். தலைமுறைக்கு 25 முதல் 30 வருடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதகத்தில் கிழமையும் திதியும் இருந்தால் இன்னும் நல்லது. பழைய பத்திரங்களில் எண்கள் தமிழ் எழுத்துப் போலவே இருக்கும். ஒன்று ‘க’ மாதிரி, ஏழு ‘எ’ மாதிரி, எட்டு ‘அ’ மாதிரி. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி மே, ஜூன் என்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். வயது கூட்டிச் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும்.

முன்னோர்கள் கோயில் மானியம் அனுபவித்தவர்கள் என்றால், 1860-களில் எழுதிய இனாம் பதிவேடு இருக்கிறது. மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயது என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனுக் கொடுத்துப் பார்க்கலாம். ஜமீன் கிராமமாக இருந்தால் வழி வேறு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜமீன்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் அரசின் செட்டில்மென்ட் பதிவேடு வந்தது. அதற்கு முந்தையவை ஜமீன் கணக்குகள்.

கல்வெட்டு பற்றி ஒரு வார்த்தை. எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு பூசவோ கம்பியால் சுரண்டவோ வேண்டாம். இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் எழுத்துகள் தானாக மேலெழும். ஆனால் சோழர் கல்வெட்டில் உள்ள ஒரு பெயரைத் தன் குலத்து முன்னோராக எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடையில் ஏழு நூற்றாண்டுக்குத் தாளே இல்லை.

நிலமே இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது? 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்தப் பஞ்சமி நிலங்களைப் பதிவேடுகளில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிலம் என்று தேடலாம். கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களுக்கு அயல்நாட்டுப் பட்டியல்கள் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போனவர்களின் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார், அதனால் உரக்க வாசித்துப் பாருங்கள். ஜில்லா ‘வட ஆர்க்காடு’ என்றிருந்தால் வேலூர்ப் பக்கம் மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியாகும் வரை சித்தூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது.