கும்பிடுபூச்சியும் கடற்சிப்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

படம் பார்த்துவிட்டு நாவலுக்குத் திரும்புகிறவர்களுக்கு முதல் இடைஞ்சல், முகம். ஃபிரான்சுவா த்ரூஃபோ 1966இல் எடுத்த ‘ஃபாரன்ஹீட் 451’, புத்தகங்களுக்குத் தடை போட்ட ஓர் உலகின் கதை. அங்கே தீயணைப்பு வீரர்களின் வேலை புத்தகங்களை எரிப்பது, மாண்டாக் அவர்களில் ஒருவன். படத்தில் அவன் மனைவியும் பக்கத்து வீட்டுக் கிளாரிஸும் ஒருவரே, ஜூலி கிறிஸ்டி. நீள முடி மனைவிக்கு, குட்டை முடி கிளாரிஸுக்கு. ஆனால் ரே பிராட்பரி 1953இல் வெளியிட்ட நாவலில் இந்த இரண்டு பெண்களுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மனைவி மில்ட்ரெடின் முடி ரசாயனம் பட்டு வைக்கோலாகக் கருகியிருக்கும். பட்டினி கிடந்து உடம்பு கும்பிடுபூச்சி மாதிரி இருக்கும். முதல் பாகத்தின் பின்பகுதியில் இந்த வரிகள் வருகின்றன. புத்தகத்தை எடுத்ததும் இவற்றை முதலில் தேடிப் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். நடிகையின் முகம் பாதி கரைந்துவிடும்.

கிளாரிஸின் முடிவைப் படம் மாற்றிவிட்டது. திரையில் அவள் பிழைத்து, புத்தகங்களை மனப்பாடம் செய்கிறவர்களோடு காட்டில் இருக்கிறாள். நாவலில் அவள் முதல் பாகத்திலேயே மறைந்துபோகிறாள். கார் மோதிச் செத்திருப்பாள் என்று நினைக்கிறேன், சொல்ல மறந்துவிட்டேன் என்கிறாள் மில்ட்ரெட், படுக்கையில், காதில் ‘கடற்சிப்பி’ என்கிற குட்டி வானொலியோடு. பின்னால் வருவாள் என்று காத்துக்கொண்டே படிப்பவர் இந்த இடத்தின் கொடூரத்தைத் தவறவிடுவார்.

மாண்டாக்கின் தலைமை அதிகாரி பீட்டியின் பேச்சில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். படத்தில் அவர் ஒரு மூதாட்டியின் ரகசிய நூலகத்தில் நின்று பேசுகிறார். சுற்றிலும் புத்தகங்கள், கண் அங்கேதான் போகும். நாவலில் அவர் மாண்டாக்கின் கட்டிலருகே உட்கார்ந்து பேசுகிறார். அவன் தலையணைக்கு அடியில் திருட்டுப் புத்தகம். மில்ட்ரெட் தலையணையைத் தட்டிச் சரிசெய்ய வருகிறாள்! அந்தப் பதற்றத்தில் பேச்சைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். தடை மேலிருந்து வரவில்லை, மக்களே படிப்பதை விட்டார்கள் என்கிறார் பீட்டி. செவ்வியல் நூல்கள் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சியாகச் சுருங்கி, பிறகு இரண்டு நிமிடக் குறிப்பாகி, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக முடிந்தன என்கிறார். (இந்த உரையும் அப்படி ஒரு சுருக்கம்தான், மன்னியுங்கள்.)

நாவலில் வரும் மோப்பம் பிடித்துத் துரத்தும் இயந்திர நாயும், மாண்டாக்குக்கு உதவும் பேராசிரியர் ஃபேபரும், நகரத்தை அழிக்கும் குண்டுவீச்சும் படத்தில் இல்லை. ஒன்றை மட்டும் படம் புத்தகத்தைவிட நன்றாகச் செய்திருக்கிறது: தொடக்கத்தில் நடிகர்கள், கலைஞர்கள் பெயர்களை எழுத்தில் காட்டாமல் குரலில் சொல்கிறது. எழுத்தில்லாத உலகம் அந்த நொடியே தொடங்கிவிடுகிறது.

தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு சிக்கல். ‘தீயணைப்பு வீரர்’ என்றாலே அணைப்பவர்தான். ‘ஃபயர்மேன்’ என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால்தான் கதை ஓடுகிறது. ஆனால் நமக்கு அணைப்பது தழுவுவதும்கூட. மாண்டாக்குக்கு அதுவும் பொருந்தும்.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1967இல் பதிப்பகம் பள்ளிகளுக்காகச் சத்தமில்லாமல் வெட்டிய பதிப்பு ஒன்று வந்தது. 75 இடங்கள் என்று பிராட்பரியே பின்னர் எழுதினார். குடிகாரன் நோயாளியானான், தொப்புள் அழுக்கு காது அழுக்கானது. கையிலிருக்கும் பிரதியில் காது என்று இருந்தால், அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.