பெயர் வைக்காத கோப்பகம்: எக்ஸ்ட்4இல் ஒரு துப்புரவுப் பிழை

[திரையில்: ஏற்காடு, மழை. காப்பித் தோட்டத்தின் எடை மேடை.]

வணக்கம். இந்தத் தோட்டத்தில் பழம் எடை போட்டதும் கணக்குப்பிள்ளை முதலில் குறிப்பேட்டில் எழுதுவார். பேரேட்டில் ஏற்றுவது மாலையில்தான். ஏற்றும்போது மின்சாரம் போனாலும் கவலை இல்லை. குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், ஜர்னல் என்ற குறிப்பேடு செய்வதும் இதுவே. சேர்ந்து நடக்க வேண்டிய மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டி எழுதும். பாதியில் அறுந்த பரிவர்த்தனையை ஏற்காது.

[திரையில்: முனையம்.]

சேலத்தில் என் மேசைக்கு வருவோம். 8 மெகாபைட்டில் ஒரு வட்டுப் பிம்பம் (வட்டுபோல நடிக்கும் கோப்பு) செய்து, கழுத்துவரை நிரப்பியிருக்கிறேன். புதிய கோப்பகம் கேட்டால் "இடம் இல்லை" என்கிறது. நமக்கு இதோடு முடிந்தது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது. புதிய கோப்பகத்துக்கு ஐநோடு (பெயர் தவிர மற்ற விவரங்களை வட்டில் வைத்திருக்கும் பதிவு) ஒதுக்கி, உள்ளே தன்னையும் தாய்க் கோப்பகத்தையும் சுட்டும் புள்ளி, இரட்டைப்புள்ளி என்ற இரண்டு பதிவுகளையும் எழுதிய பிறகு, தாய்க் கோப்பகத்தில் பெயரைப் பதிய இடமில்லாமல் போகலாம். அப்போது பெயர் வைக்காத பிள்ளையாக அது வட்டில் நிற்கும். அதை அகற்ற வேண்டும்.

பழைய நிரல், பரிவர்த்தனை திறந்திருக்கும்போதே அகற்றியது. தவறு அங்கேதான். ஒரு ஐநோடு வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தால், அது முடியும்வரை விடுவிப்பு காத்திருக்கும். எழுதும் பணியோ புதிய பரிவர்த்தனை தொடங்கக் காத்திருக்கும். நம் பரிவர்த்தனை முடியாமல் அது தொடங்காமல் போகலாம். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் இரண்டு லாரிகள் எதிரெதிரே சிக்கியதுபோல, இரண்டும் நகராது. வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு உருவாக்கும்போதும் இதே வழிதான். அங்கே இந்த முட்டுக்கட்டை உண்மையாகவே விழக்கூடியது.

2019 நவம்பரில் கெர்னல் நிரலாளர் யான் காரா எழுதிய திருத்தம் மிகச் சிறியது: முதலில் பரிவர்த்தனையை முடி, பிறகு ஐநோடை விடு. ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் போனால்? பெயரும் இல்லாமல், காலி இடக் கணக்கிலும் சேராமல் அந்த ஐநோடு தொலைந்துவிடும். அதே திருத்தத்தில் அதற்கும் வழி செய்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பரிவர்த்தனையை முடிக்கும் முன்பே ஐநோடை, இனி அகற்ற வேண்டியவற்றைக் குறித்துவைக்கும் அநாதைப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது.

பட்டியலின் தலை, கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் சூப்பர்பிளாக்கில் இருக்கிறது. அடுத்த ஐநோடின் எண்ணை ஒவ்வொன்றும் தன் 'நீக்கிய நேரம்' கட்டத்தில் வைத்துக்கொள்கிறது. இன்னும் நீக்கப்படாததால் அந்தக் கட்டம் சும்மாதானே இருக்கிறது!

பட்டியல் வேலை செய்வதை நீங்களே பார்க்கலாம். ஒரு மெய்நிகர் இயந்திரத்தில், திறந்து வைத்த கோப்பை அப்படியே அழியுங்கள். பெயர் போனாலும், கோப்பை மூடும்வரை அதன் ஐநோடு அநாதைப் பட்டியலில் நிற்கும். ஜர்னல் வழக்கமாக 5 வினாடிக்கு ஒருமுறை பதியும். சற்றுக் கூடுதலாகவே பொறுத்திருந்து இயந்திரத்தை வலுக்கட்டாயமாக அணையுங்கள். மறுபடி வட்டை ஏற்றும்போது கெர்னல் பதிவில் இந்த வரி வரும்.

[திரையில்: "1 அநாதை ஐநோடு நீக்கப்பட்டது".]