மண்ணைப் பார்த்துப் பல்லை எண்ணுங்கள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

வடசென்னையில் மோட்டார் சைக்கிள் என்பது பலருக்குப் பிழைப்போடு கலந்த பொருள். திருவொற்றியூரில் 1950களிலேயே புல்லட் வண்டி தயாராகத் தொடங்கிவிட்டது. வடக்கே சற்றுத் தள்ளி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு தனிப் பந்தயத் தடம் அமையும் வரை பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இப்போது தார்ச்சாலையை விட்டு இறங்கி, மண்ணில் ஓட்டும் டர்ட் பைக்கின் மேல் ஆசை வைத்திருக்கிறார்கள். என் பட்டறைக்கு வருகிற அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பிக்கப் வேணும், எத்தனை பல் போடலாம்?" பல் என்று அவர்கள் சொல்வது, இன்ஜின் பக்கம் ஒன்றும் பின் சக்கரத்தில் ஒன்றுமாக இருந்து செயினை ஓட்டும் ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரங்களின் பல்லை. அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாக விடை சொல்லப் பட்டறையில் நேரம் கிடைப்பதில்லை. இங்கே கிடைத்திருக்கிறது.

முதலில் செயினின் அளவைப் பார்ப்போம். செயினின் பக்கத்தகட்டில் 420, 428, 520 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதன் முதல் இலக்கம், கண்ணிகளைக் கோக்கும் ஆணிகளான பின்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர், 5 என்றால் எட்டில் ஐந்து, அதாவது 15.875 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு இலக்கங்களும் உள்தகடுகளுக்கு இடையே உள்ள அகலத்தைக் குறிப்பவை. 520 செயினில் அந்த அகலம் கால் அங்குலம். 525 செயினில் பதினாறில் ஐந்து பங்கு. பழைய புல்லட்டின் பின்செயினான 530 அளவில் எட்டில் மூன்று பங்கு. குழந்தைகளுக்கான சிறு வண்டிகளில் 420 செயினும், நம் தெருக்களில் இன்றும் ஓடும் ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளில் 428 செயினும், 250 சிசி, 450 சிசி மோட்டோகிராஸ், அதாவது மண் தடப் பந்தய வண்டிகளில் 520 செயினும் வரும். வண்டியை வடிவமைத்தவர்கள் இன்ஜின் இழுக்கும் விசையைக் கணக்கிட்டு இதைத் தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே செயினின் அளவில் நமக்குப் பெரிதாகத் தேர்வு இல்லை. வந்த அளவையே வாங்குங்கள். 428இலிருந்து 520க்கு மாறியே தீர வேண்டும் என்றால் முன்பின் ஸ்ப்ராக்கெட்டுகள் இரண்டையும் அதே அளவுக்கு மாற்ற வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 520, 525 ஆகிய இரண்டு செயின்களுக்கும் பின்களின் இடைவெளி ஒன்றே என்பதால், 520 ஸ்ப்ராக்கெட்டின் மேல் 525 செயினைப் போட்டால் அது ஓடவும் செய்யும். ஒரு பையனுக்கு ஒரு கடையில் அப்படித்தான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அகலம் கூடுதலாக இருந்ததால் செயின் பல்லின் மேல் பக்கவாட்டில் ஆடி ஆடி, ஸ்ப்ராக்கெட்டை ஒரு பக்கமாகவே தின்றிருந்தது. மேட்டில் ஏறும்போது அது கழன்று இன்ஜின் உறையைக் கிழிக்காமல் போனது அந்தப் பையனின் நல்ல நேரம். கடையில் சொல்லும் வார்த்தையை நம்பாமல், பழைய செயினின் தகட்டில் உள்ள எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள்.

இனிப் பல்லின் கணக்கு. உண்மையான தேர்வு இங்கேதான் இருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். முன்னால் 13, பின்னால் 50 என்றால் விகிதம் 3.85, பின்னால் 52 ஆக்கினால் சரியாக 4, பின்னால் 50ஐ அப்படியே விட்டுவிட்டு முன்னால் மட்டும் 12 ஆக்கினால் 4.17. முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது பின்னால் ஏறத்தாழ நான்கு பற்களைக் கூட்டுவதற்குச் சமம் என்பதை இதிலிருந்து அறியலாம். விகிதம் கூடக் கூட இழுவை கூடும். அதே அளவுக்கு ஒவ்வொரு கியரிலும் எட்டக்கூடிய வேகம் குறையும். பின்னால் 50ஐ 52 ஆக்கும்போது இந்த மாற்றம் நூற்றுக்கு நான்கு பங்கு; முன்னால் 13ஐ 12 ஆக்கும்போது நூற்றுக்கு எட்டுப் பங்குக்கும் மேல். முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றுவதற்கும் பத்து நிமிடம் போதும் என்பதால் எல்லோரும் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். அது பெரிய அடி. நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் சிறிய அடிதான்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள இறுகிய செம்மண் திடலில் என் 250 சிசி வண்டியை 13க்கு 50 என்ற அளவில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில், உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டத் தொடங்கினேன். அங்கே கணுக்கால் புதையும் மணல். செம்மண்ணில் மூன்றாம் கியரில் பறந்த வண்டி, மணலில் அதே கியரில் திணறி அமுங்கியது. மணல் சக்கரத்தைப் பின்னால் பிடித்து இழுப்பதால், ஒரே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் முன்னால் 12 பல் போட்டேன். மூன்றாம் கியர் உயிர் பெற்றது உண்மைதான். ஆனால் இரண்டாம் கியர், ஆக்ஸிலரேட்டரைத் திருகிய மறுநொடியே முடிந்துபோய், வளைவின் நடுவிலேயே கியர் மாற்ற வேண்டி வந்தது. சில மாதங்கள் கழித்து பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் மேல், செயின் அதை உரசாமல் காக்கும் ஸ்லைடரைக் கழற்றிப் பார்த்தபோது அதில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தது. 13 பல் ஸ்ப்ராக்கெட்டில் செயின் சுற்றி வரும் வட்டத்தின் விட்டம் 66 மில்லிமீட்டர். 12 பல்லில் அது 61 மில்லிமீட்டர்தான். ஐந்து மில்லிமீட்டர் சிறுத்ததால் செயின் ஸ்விங் ஆர்மை நெருங்கி உரசியிருக்கிறது. வட்டம் சிறுத்தால் ஒவ்வொரு கண்ணியும் கூடுதலாக மடங்கி நிமிர வேண்டும், தேய்மானமும் வேகமாகும். மறுபடியும் 13ஐப் போட்டுப் பின்னால் 52 வைத்தேன். அந்தத் தோப்புக்கு இன்றும் அதே அளவுதான்.

மணல் என்றதும் எண்ணூர்க் கடற்கரை நினைவுக்கு வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை நம் கரைகளில் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. தயவுசெய்து அங்கே வண்டியை இறக்காதீர்கள்.

உங்கள் வண்டிக்குரிய பல்லைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி இது. நீங்கள் வழக்கமாக ஓட்டும் திடலில் உங்களுக்கு அதிகத் தொல்லை தரும் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, அதை ஒருமுறை இரண்டாம் கியரிலும் மறுமுறை மூன்றாம் கியரிலும் கடந்து பாருங்கள். இரண்டாம் கியரில் இன்ஜின் கதறி, வளைவு முடிவதற்குள் மூச்சு முட்டுகிறதா? மூன்றாம் கியரில் கிளட்ச்சைத் தொடாமல் வெளியே வர முடியவில்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் வண்டி இரண்டு கியர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு பல்லோ இரண்டு பல்லோ கூட்டினால் மூன்றாம் கியர் அந்த வளைவுக்கு இறங்கி வரும். குறைத்தால் இரண்டாம் கியர் நீளும். எதைச் செய்வது என்பதை மற்ற வளைவுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணலும் குறுகிய வளைவுகளும் மிகுந்த இடம் என்றால் கூட்டுவது நல்லது. இறுகிய தரையில் நீண்ட நேர்ப்பாதை இருந்தால் குறைக்கலாம். பொதுவாக, புதிதாகக் கற்பவர்களுக்கு மூன்றாம் கியரில் ஓட்டும்படி அமைத்துக் கொடுப்பேன்; வண்டி வெட்டிக் குதிக்காமல் சீராக இழுக்கும், கையும் சோராது. அடுத்த வண்டிக்காரர் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். கேடிஎம் 390 அட்வென்ச்சரில் 15க்கு 45, ஹோண்டா சிஆர்எஃப் 450ஆர் மோட்டோகிராஸ் வண்டியில் 13க்கு 49 என்று வந்திருக்கின்றன. இன்ஜினுக்குள் இருக்கும் கியர்களின் விகிதமும் வேறு, வண்டி செய்யப்பட்ட நோக்கமும் வேறு.

பல்லை மாற்றினால் செயினின் நீளமும் பின் சக்கரத்தின் இடமும் மாறும். ஒரு பல் கூடினால் அரைக் கண்ணி கூடுதலாகத் தேவைப்படும். 520 செயினில் அதற்காகப் பின் அச்சு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். அச்சுக்கு நகர இடம் இல்லாவிட்டால் இரண்டு கண்ணிகள் கூடுதலாக உள்ள செயின் வாங்குங்கள். உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். இரண்டு கண்ணிகள் கூடினால் அச்சு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் பின்னே போகும். அச்சு பின்னே போனால் வண்டி நேராக, நிலையாக ஓடும், ஆனால் திரும்பச் சோம்பும். முன்னே வந்தால் சட்டெனத் திரும்பும், முன் சக்கரமும் எளிதில் தூக்கும்.

செயினின் தளர்ச்சியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்மின் ஆணி, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில்தான் செயின் மிகவும் இறுகும். ஸ்டாண்டில் நிற்கும்போது சாலை வண்டியைப் போல இறுக்கி வைத்தால், குதித்து இறங்கும்போது செயின் கம்பியாக விறைத்து, கியர்பாக்ஸின் பேரிங்கையே இழுத்துவிடும். ஸ்லைடருக்குப் பின்னால் செயினைத் தூக்கிப் பார்த்தால் மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

மணலில் ஓடும் வண்டிக்குப் பின் ஸ்ப்ராக்கெட்டை எஃகில் வாங்கச் சொல்வேன். அலுமினியம் எடை குறைவு, பந்தயத்துக்கு நல்லது. ஆனால் மணல் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். செயினும் ஓ-ரிங் வைத்ததாக இருக்கட்டும். பின்னுக்குள் அடைத்த கிரீஸை அந்த வளையம் வெளியேற விடாது, மணலையும் உள்ளே விடாது. மணலில் ஓட்டும் செயினில் கொழகொழவென்று எண்ணெய் பூசுவது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஓட்டி முடித்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் விட்டு, மிஞ்சியதையும் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது ரப்பர் வளையத்தைக் கெடுக்கும்.

தேய்மானத்தை அறிய ஓர் அளவுநாடா போதும். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபது கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்து பாருங்கள். புதிய 520 செயினில் அது 317.5 மில்லிமீட்டர், 428 செயினில் 254 மில்லிமீட்டர். நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டால், அதாவது 520இல் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 428இல் 5 மில்லிமீட்டர் கூடிவிட்டால், செயினோடு முன்பின் ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கி போல் வளைந்த பழைய பல், புதிய செயினையும் தன் வடிவத்துக்கே இழுத்துக்கொள்ளும். புதிய செயினைப் பூட்டும்போது, இணைப்புக் கண்ணியைக் கழலாமல் பிடிக்கும் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கட்டும். திறந்த முனை முன்னே இருந்தால் ஒரு கல் பட்டாலும் கிளிப் கழன்றுவிடும்.

நன்றி, வணக்கம்.